ஆள் கட்டுகிறவள்

அத்தியாயம் பதினொன்று

லயத்துச் சுவருக்கு ரகசியம் காக்கத் தெரியாது. இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் இருப்பவர்கள் நூறாயுசு என்பார்கள். இது தெரிந்தும் பூரணி போன வாரம் போனில் வாய்விட்டுப் பேசிவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை மீனம்மா விழித்திருப்பாள் என்று அவள் நினைக்கவில்லை.

போனில் வந்தவன் அந்த மீனம்மாவின் ஒரே மகன் துஷாந்த். பாங்கொக்கில் பெரிய கம்பெனி, சொப்ட்வெயார் டெவலப்பர் வேலை என்று புறப்பட்டுப் போனவன். போய் இறங்கிய அன்று சிரித்துக்கொண்டு ஒரு படம் அனுப்பினான். அதோடு பேச்சு மூச்சில்லை. போன வாரம் பேசியபோது அவன் இருந்தது பாங்கொக்கிலேயே இல்லை. ஓர் ஆற்றைக் கடந்து, எல்லைக்கு அந்தப் பக்கம், சுற்றிலும் கம்பிவேலி போட்ட ஒரு கட்டடத்தில் இருந்தான். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்களாம். முகம் தெரியாத ஜனங்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும் போலி வெப்சைட்டுகளைக் கட்டிக் கொடுப்பதுதான் வேலையாம். மறுத்தால் அடியாம். வெளியே விடுவதற்கு அவர்கள் ஒரே ஒரு வழி சொல்லியிருந்தார்கள். அவனுக்குப் பதிலாக மூன்று டெவலப்பர்கள் வர வேண்டும். அந்த மூன்று பேரைப் பூரணி தேடிக் கொடுக்க வேண்டும்.

ஏன் பூரணி என்று கேட்பீர்கள். துஷாந்தைத் தேடிக் கொடுத்ததே பூரணிதான்.

காலையில் பேர் பதியும் பெரட்டு முடிந்து எல்லோரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விட்டார்கள். மீனம்மா போகவில்லை. புருஷனின் காரியம் முடிந்த மறுநாளே கூடையைத் தூக்கியவள் அவள். இன்றைக்கு அந்தக் கூடையைச் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டு, தலை சீவி, திருவிழாவுக்குக் கட்டும் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

அண்ணன் வீரய்யா, பூரணியின் அப்பா, தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மெசினில் நிற்கிறவர். அவர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். மகளுக்கும் அவருக்கும் விடிந்ததிலிருந்தே ஒரே வழக்கு. பொலிசில் சொல்லியாகிவிட்டது, அவர்களும் எழுதிக்கொண்டு கொழும்புக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள், ஆனால் தோட்டத்தில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. அதுதான் பூரணிக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, இன்னைக்காவது தலைவர்கிட்ட சொல்லிருவோம். கோயில்ல மைக் போட்டுச் சொல்லட்டும். இந்த மாதிரி வேலைன்னு எவனாவது கூப்புட்டா போகாதீங்கன்னு நாலு தோட்டத்துக்குத் தெரியட்டும்."

வீரய்யா சட்டைப் பொத்தானைப் போடுவதிலேயே கண்ணாக இருந்தார். "அவன் மொதல்ல வந்து சேரட்டும். அப்பறம் மைக் போடு, மேளம் போடு."

அவர் மட்டும் அப்படி இல்லை. இந்தப் பக்கத்தில் வெளிநாட்டுப் பயணம் என்பது புதிதாகக் கருத்தரித்த பெண்ணைப் போல. வெளியே தெரியும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. பிள்ளை எங்கே என்று யாராவது கேட்டால் கொழும்பில் வேலை என்பார்கள். கண்ணூறு பட்டால் போன காரியம் கெட்டுவிடும் என்று பயம். முதல் சம்பளம் வந்ததும் அம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்து, அதன் பிறகுதான் பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறான் என்று சொல்வார்கள். துஷாந்தும் தோட்டத்துக் கணக்குப்படி இன்னும் கொழும்பில்தான் இருந்தான். முன்பு கண்ணூறுக்குப் பயந்து மறைத்த வீரய்யா இப்போது மானத்துக்குப் பயந்து மறைத்தார். தங்கச்சி மகன் வெளிநாட்டில் களவுத் தொழில் செய்கிறான் என்று எவனாவது சொல்லிவிட்டால் அவரால் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கியவர், ஏதோ ஞாபகம் வந்தவர் போல நின்றார். "எங்க தாத்தனை இந்தியாவுல இருந்து ஆள் கட்டிக் கூட்டியாந்த கங்காணியும் வேத்தாள் இல்ல, சொந்தக்காரந்தான். அவனும் நல்ல வேலைன்னுதான் சொன்னானாம்."

மகளைக் குத்த வேண்டும் என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். சொன்ன கையோடு குடையை எடுத்துக்கொண்டு போயே விட்டார். ஆனாலும் பூரணி பாதி குடித்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டாள்.

மீனம்மா அண்ணன் போகும்வரை காத்திருந்துவிட்டு, "கெளம்பு புள்ள. ஒன் கூட நானும் வாறேன்" என்றாள்.

ஹட்டன் பஸ்ஸில் அத்தைக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அவள் வெளியே பார்க்கவில்லை. பூரணியின் மடியில் இருந்த லெப்டொப் பையையே பார்த்துக்கொண்டு வந்தாள். மகனின் உயிர் அந்தப் பைக்குள் இருப்பதாக அவள் நினைத்திருந்தால், அதை ஒரேயடியாகத் தப்பு என்று சொல்லிவிட முடியாது.

பூரணி செய்வது ஆள் தேடும் வேலை. சொப்ட்வெயார் டெவலப்பர்களை இணையத்தில் தேடிக் கண்டுபிடித்து, விவரம் திரட்டி, நாலு வார்த்தை பேசிப் பழகி, கம்பெனிக்கு அனுப்பிவைக்க வேண்டும். கம்பெனி கொழும்பில் இருப்பதாகச் சொன்னார்கள். ஊரெல்லாம் தேடுகிற மாதிரி தேடினால் கொழும்புப் பிள்ளைகள்தான் வந்து குவிவார்கள். மலையகத்துப் பிள்ளைகள் லேசில் அகப்பட மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் ஊரை மறைப்பார்கள். தோட்டத்து விலாசத்தைப் போட்டால் நேர்முகத்துக்கே கூப்பிடமாட்டார்களோ என்று பயந்து, கண்டி என்று போடுவார்கள், பேராதனை என்று போடுவார்கள். லயத்தில் பிறந்த வாடையே இல்லாமல் தங்களைத் துடைத்து வைத்திருப்பார்கள். பூரணிக்கு அந்தத் துடைப்பு எப்படி என்று தெரியும். அவளும் துடைத்துக்கொண்டவள்தான்.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் இந்தப் பிள்ளைகள் ஒளிய மாட்டார்கள். அது கோயில். ஒரு தோட்டத்தில் கொம்பியூட்டர் படித்த பிள்ளை இருந்தால் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் சும்மா விடுவதில்லை. நம்ம ஆத்தாவுக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடு என்று பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளையும் தேர், கரகம், காவடி, அன்னதானம் கொடுத்தவர்கள் என்று எல்லாவற்றையும் அழகாகப் போட்டு, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் தன் பெயரையும் போட்டுவிடும். அம்மனுக்குச் செய்த காரியத்தில் மட்டும் அவர்களுக்குத் தங்களை மறைக்க மனம் வருவதில்லை. பூரணி அம்மன் பெயரையும் திருவிழாவையும் போட்டுத் தேடுவாள். பக்கத்தின் அடிக்குப் போவாள். அங்கே இருக்கும் பெயரை எடுத்து மறுபடி தேடுவாள். கண்டி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட பிள்ளை ராகலையிலோ கந்தப்பளையிலோ ஒரு லயத்தில் இருந்து எட்டிப் பார்க்கும்.

இந்த வழியை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளே கண்டுபிடித்தாள். அதில் அவளுக்குப் பெருமை இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒதுங்கிக் கிடக்கும் நம் பிள்ளைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறோம் என்றுதான் அவள் நம்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் துஷாந்த் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கண்டுபிடித்த பக்கங்களை நோண்டிப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்பான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், ஊரான் பிள்ளைகளை எல்லாம் தேடுறியே, பக்கத்து காம்பராவுல இருக்குறவன் ஒன் கண்ணுக்குத் தெரியலையா என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அவள் அவனுடைய விவரத்தையும் அனுப்பிவைத்தாள்.

ஹட்டன் கடைவீதியில் அலியார் நானாவின் துணிக்கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. அதுதான் பூரணியின் ஒஃபிஸ். ஒரு மேசை, ஒரு நாற்காலி, மழைக்கு ஒழுகும் ஒரு மூலை. அலியார் நானா கீழேயிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக் கொடுத்தார். அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

கதவைச் சாத்தி உட்கார்ந்த உடனே போனில் ஜெயகாந்தனின் கோல் வந்தது. கம்பெனி என்றால் பூரணிக்குத் தெரிந்தது அந்தக் குரல் மட்டும்தான், ஆளைப் பார்த்ததில்லை. குரலை உயர்த்தாத மனிதர். தேத்தண்ணி குடிச்சாச்சா என்று விசாரித்தார். துஷாந்த் சுகமாக இருப்பதாகச் சொன்னார். தனக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள், தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். கடைசியில், "மூணே மூணு பேரு. ஒங்களுக்கு அது ஒரு வேலையா, மிஸ்?" என்றார்.

போனை வைத்த பிறகு பூரணிக்கு அந்த மனிதர் முன்பு சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. அப்பா இல்லாத வீட்டுப் பிள்ளையாகப் பாருங்கள், பொறுப்பு இருக்கும் என்பார். கொழும்பில் சொந்தபந்தம் இல்லாதவர்களாகப் பாருங்கள், அவர்களுக்குத்தான் நாம் உதவ வேண்டும் என்பார். பயணத்தைப் பற்றி நாலு பேரிடம் பேசிக்கொண்டு திரியாத குடும்பமாக இருந்தால் இன்னும் நல்லது என்பார். எங்களைப் போன்றவர்களையும் நினைத்துப் பார்க்க ஒரு மனிதர் இருக்கிறாரே என்று அப்போது அவள் மனம் நெகிழ்ந்திருந்தாள்.

அவர் கேட்டதெல்லாம் காணாமல் போனால் கேட்க நாதியில்லாத பிள்ளைகளை. அதைப் புரிந்துகொள்ள துஷாந்த் போய்ச் சிக்க வேண்டியிருந்தது. தன் மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"தேடு" என்றாள் மீனம்மா.

பூரணி தேடினாள். அதை மூடி மறைக்க நான் விரும்பவில்லை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுவது காதில் விழுந்துகொண்டிருக்க, அவளுடைய விரல்கள் பழக்கத்தில் தானாகவே அம்மன் பெயரையும் ராகலையையும் அடித்தன. அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பக்கம் வந்து நின்றது. சிவப்புக் கரையிட்ட பக்கம். தேரின் படத்தைத் தொட்டால் உடுக்கைச் சத்தம் கேட்கும். துஷாந்த் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் புள்ள எல்லாரையும் தூக்கி சாப்புட்டுரும் என்று சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. அடியில் ஷாமிலா என்று பெயர். பூரணி சில மாதங்களுக்கு முன்பு அவளோடு பேசியும் இருந்தாள். கடைசி வருஷப் பரீட்சை இருக்குதுக்கா, முடிஞ்சதும் நானே கோல் எடுக்கிறேன் என்றவள், பரீட்சையை முடித்திருப்பாள்.

திரையில் ஷாமிலாவின் படத்தை அத்தை குனிந்து பார்த்தாள். இரட்டைப் பின்னலும் கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலியுமாக நின்று சிரித்தது அந்தப் பெண்.

"யாரு வீட்டுப் புள்ள?"

"ராகலைப் பக்கம், அத்தே. தோட்டத்துப் புள்ளதான். அப்பா இல்ல. அம்மா கொழுந்தெடுக்குறாங்க."

"ஒத்தப் புள்ளையா?"

"தம்பி ஒருத்தன் இருக்கான். படிக்கிறான்."

மீனம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அப்ப அந்தப் பொம்பளைக்கு இன்னொண்ணு இருக்கு" என்றாள். "எனக்கு ஒண்ணுதானே, பூரணி."

இதே அத்தைதான், அவள் அம்மா செத்த வீட்டில் அவளுக்குச் சோறு ஊட்டியவள். பக்கத்து லயத்தில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் தூக்கிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடுகிறவள். அந்த வாயிலிருந்து இந்தப் பேச்சு வருகிறது என்றால், கம்பிவேலிக்குள் இருக்கிறவர்கள் துஷாந்தை மட்டுமா பிடித்து வைத்திருக்கிறார்கள்?

"அத்தே, நான் எழுத மாட்டேன். இந்தப் புள்ள போனா இவளையும் அதே மாதிரி அடிப்பாங்க. பொம்பளைப் புள்ள வேற."

"என் மகனைத் தேடுறப்ப மட்டும் ஒனக்குக் கை கூசல."

பூரணி லெப்டொப்பை மூடிவிட்டு, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தை சத்தமில்லாமல் அழுதாள். கீழே கடையில் யாரோ பாவாடைத் துணிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெண்களும் மதியம்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்த அறையிலேயே இருந்தார்கள்.

மதியம் போன் அடித்தது. துஷாந்த்.

மீனம்மா பறித்துக்கொண்டாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன்மா என்றான். என்ன கறி என்று கேட்டாள். அதற்கு அவனுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு, பருப்பு என்றான். ராத்திரி குளிருமா, போர்த்திக்கொள்ள இருக்கிறதா, காலில் அந்தப் பழைய வலி வருகிறதா என்று அவள் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் நல்லா இருக்கேன்மா என்ற ஒரே பதில்தான் வந்தது. அவனுக்குப் பின்னால் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. பூரணிகிட்ட குடும்மா என்றான்.

"ஆள் பாத்தியா?" என்று கேட்டான் பூரணியிடம்.

"துஷாந்த், என்னால முடியல. ஒன்னைய நான்தான் அங்க அனுப்புனேன். அந்தப் பாவத்தையே நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுறதுன்னு தெரியல. இன்னும் மூணு பேரை என்னால அனுப்ப முடியாது."

அவன் கத்துவான், கெஞ்சுவான், அழுவான் என்று எதிர்பார்த்தாள்.

"சரி. நீ தேட வேணாம். நான் பாத்துக்குறேன்" என்றான். கோல் அறுந்தது.

பூரணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடி வாங்கிக்கொண்டு கிடக்கிற இடத்திலும் அவன் அவளை அந்தப் பாவத்திலிருந்து விடுவித்துவிட்டான் என்று நினைத்தாள். அத்தே, ஒங்க புள்ள தங்கம் என்றாள். மீனம்மாவுக்கு அது ஆறுதலாக இல்லை. தங்கம் திரும்பி வருமா என்றுதான் அவள் கேட்டாள்.

ஆனால் துஷாந்த் சொன்ன அந்த வார்த்தை பூரணிக்கு ஒரு தெம்பைக் கொடுத்தது. அவனே இவ்வளவு துணிந்துவிட்டான், இங்கே பத்திரமாக உட்கார்ந்திருக்கிற நமக்கு என்ன வந்தது? அப்பா கோபப்பட்டால் படட்டும். அவள் இதுவரை தேடி எடுத்த பிள்ளைகள் எல்லோருக்கும் இன்றைக்கே விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். துஷாந்தின் பெயரையும் சொல்லி, தன் பெயரையும் சொல்லி, உள்ளதை உள்ளபடி சொல்வது. யாரிடம் தொடங்குவது என்று யோசிக்கவே இல்லை. லெப்டொப்பைத் திறந்ததும் அந்தச் சிவப்புக் கரைப் பக்கம்தான் அப்படியே இருந்தது.

ஷாமிலாவுக்குக் கோல் எடுத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி எடுத்தாள். இந்த முறை அந்தப் பக்கத்தில் வெட்டிவிட்டார்கள். எழுதி அனுப்பலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஷாமிலாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது.

பூரணி அதை அழுத்தினாள். பின்னணியில் மணி அடித்து, சிங்களத்தில் ஒரு பெண் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தாள். அதற்கு மேலே ஷாமிலாவின் குரல் சிரிப்போடு வந்தது.

"அக்கா, மன்னிச்சுக்கங்க, இங்க ஒரே சத்தம். நானே ஒங்களுக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன். துஷாந்த் அண்ணன் போன வாரமே பேசிட்டாங்க. அவங்க கம்பெனியில அவசரமா ஆள் வேணுமாம். ஒங்க சொந்தக்காரங்க, நீங்கதான் என்னையத் தேடிக் கண்டுபிடிச்சு அவங்ககிட்ட காட்டுனீங்கன்னு சொன்னாங்க. அந்த ஒரு பேச்சுலதாங்க்கா நம்பி வந்துட்டேன். ஊர்ல யாருக்கும் சொல்லல. கொழும்புல இன்டர்வியூன்னுதான் சொல்லியிருக்கு. கண்ணூறு பட்டுரும், மொத சம்பளம் வரட்டும், கோயிலுக்குத் தேங்கா ஒடச்சிட்டு சொல்லிக்கலாம்னு அம்மா சொல்லிட்டாங்க. ஒங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். இப்ப ஏறப் போறேன்க்கா. எறங்குனதும் எடுக்கிறேன்."

பூரணி உடனே கோல் எடுத்தாள். போன் அணைக்கப்பட்டிருந்தது. போகாதே, எதில் ஏறியிருந்தாலும் இறங்கிவிடு என்று எழுதி அனுப்பினாள். செய்திக்குப் பக்கத்தில் ஒற்றைச் சரி அடையாளம் விழுந்தது. போய்ச் சேர்ந்தது என்று காட்டும் இரண்டாவது சரிக்காக அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது விழவில்லை.

நான் பாத்துக்குறேன் என்று அவன் சொன்னது இதைத்தான்.

அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் தடியோடு ஆள் நிற்கும்போது எவன் எதைச் செய்வான் என்று வெளியே இருந்துகொண்டு யார் சொல்வது? ஆனால் ஒன்றை மட்டும் பூரணியால் தாங்க முடியவில்லை. போன வாரம் கோயிலில் மைக் போட்டுச் சொல்லியிருந்தால், டிக்கோயாவில் சொன்னது இரண்டு நாளில் ராகலைக்குப் போயிருக்கும். டிக்கோயாவில் அவள் அப்பா மானத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார். ராகலையில் அந்தத் தாய் கண்ணூறுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டாள். இரண்டு வீட்டு மௌனமும் சேர்ந்து அந்தப் பெண்ணைப் பிளேன் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டது.

பொலிசுக்கு எடுத்தாள். தெரிந்த சிங்களத்தில் விவரம் சொன்னாள். எந்தப் பிளேன் என்று கேட்டார்கள், தெரியவில்லை. பாஸ்போர்ட்டில் முழுப் பெயர் என்ன என்று கேட்டார்கள், தெரியவில்லை. விமான நிலையத்துக்குச் சொல்லிப் பார்க்கிறோம், பெற்றோர் யாராவது முழு விவரத்தோடு பேசினால் நல்லது என்றார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கோயில் பக்கத்தின் அடியில் இருந்த ஒற்றைப் பெயர்.

அதன் பிறகு தோட்டத்துத் தலைவருக்கும் கோயில் கமிட்டிக்கும் தன் குரலிலேயே ஒரு பதிவு போட்டாள். துஷாந்த் கொழும்பில் இல்லை என்று தொடங்கி, கடைசிவரை சொன்னாள். இதை எல்லாத் தோட்டத்துக்கும் அனுப்புங்கள் என்றாள். இனி அப்பா மூடி வைக்க ஒன்றுமில்லை.

மீனம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஸ்டூலில் அசையாமல் இருந்தாள். பாதிதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"அந்தப் புள்ள போயிருச்சா?" என்று கேட்டாள்.

"போயிருச்சு, அத்தே."

அத்தையின் முகத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு ஓர் உயிர் வந்தது. அதைப் பார்க்கத்தான் பூரணிக்குப் பயமாக இருந்தது.

"அப்ப இன்னும் ரெண்டு பேருதானே?"

பூரணிக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. ஏனென்றால் அத்தை கேட்பதற்கு முன்னாலேயே அவள் மனசும் ஒரு நொடி அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டது. துஷாந்த் வாசலில் வந்து நிற்பது போல ஒரு காட்சிகூட வந்து போனது. அவள் சட்டென்று எழுந்தாள். லெப்டொப்பை மேசையிலேயே விட்டுவிட்டு, கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மீனம்மா பின்னாலேயே ஓடி வந்து பஸ் ஸ்டாண்டில் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "எங்க போற?"

"ராகலைக்கு. அவ அம்மாகிட்ட முழுப் பேரு, பிளேன் விவரம் எல்லாம் இருக்கும். நடுவுல எங்கயாவது எறக்கி மாத்துவாங்க. அதுக்குள்ள புடிக்கணும்."

"அந்தப் பொம்பளைகிட்ட போயி என்னான்னு சொல்லுவ? யாரு நீன்னு கேட்டா?"

பூரணி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"ஒங்க மகளைத் தேடிக் கண்டுபிடிச்சவ நான்தான்னு சொல்லுவேன்."

ராகலைக்கு நுவரெலியா போய்த்தான் மாற வேண்டும். நுவரெலியா பஸ் புறப்படும் நேரமாகி இன்ஜினைப் போட்டுவிட்டார்கள். பூரணி ஏறி ஓர் இரட்டை சீட்டில் உட்கார்ந்து, கைப்பையைப் பக்கத்தில் வைத்தாள். ராகலையில் அந்தத் தாய் இந்நேரம் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, மகள் பறந்து போன சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் மென்று விழுங்கிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாள். ஜன்னல் வழியே பார்த்தபோது, நீலச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அத்தை பஸ்ஸை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்தாள். கூட வரப் போகிறாளா, அந்தத் தாயிடம் ஒன்றும் சொல்லாதே என்று தடுக்க வருகிறாளா என்று பூரணிக்குத் தெரியவில்லை.

அவள் பக்கத்து சீட்டில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.